இறக்கத்தில் இழுத்த கை

அத்தியாயம் 6

நசுங்கிய காருக்குள் தலையை நுழைத்த ஆந்தை வெகு நேரமாகியும் அதை வெளியே எடுக்கவில்லை.

"பாஸ், உள்ளேயே குடி போயிட்டீங்களா? வாடகை பேசி முடிச்சிடட்டுமா?" என்றாள் தகரம்.

பதில் வரவில்லை. வராது என்பது அவளுக்கும் தெரியும். எதையும் இமைக்காமல் வெறித்துப் பார்ப்பதால் அவருக்கு ஆந்தை என்று பெயர் விழுந்தது. வாயை மூடாததால் அவளுக்குத் தகரம். ஒரு காலத்தில் கால் டாக்சி ஓட்டியவள். காது வலிக்கிறது என்று பயணிகள் புகார் கொடுத்தே வேலை போயிற்று. இப்போது அவருடைய துப்பறியும் அலுவலகத்தில் டிரைவர், உதவியாளர், டீ போடுபவர் எல்லாம் அவள்தான். இரண்டு பேர் இருக்கும் அலுவலகம். இரண்டு பேருக்குமான பேச்சையும் அவளே பேசிவிடுவாள்.

விபத்து வண்டிகளைக் கொண்டுவந்து தள்ளும் கொட்டகை அது. வெயில் கூரைக்கு மேல் நின்றது. கீழே பழைய ஆயில் வாசனை. ஒரு காரின் பின் சீட்டில் யாரோ விட்டுப்போன குடை விரிந்தபடியே கிடந்தது.

சற்றுத் தள்ளி நின்றிருந்தாள் வழக்கைக் கொண்டுவந்த பெண். கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்துப் பொருத்துகிறவள். அவளுடைய அக்கா போன மாதம் இந்தக் காரில் மலைச்சாலையில் தனியாக இறங்கினாள். கடைசி வளைவில் சாலை திரும்பியது, கார் திரும்பவில்லை. பள்ளம் ஒன்றும் பெரிதில்லை. பாறைதான் பெரிது.

பழக்கமில்லாத பெண், பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கியிருக்கிறாள், பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போய்விட்டது என்று போலீஸ் முடித்துவிட்டது. தங்கை அதை ஏற்கவில்லை. அவளிடம் ஒரே வாக்கியம்தான் இருந்தது. இப்போதும் அதையே சொன்னாள்.

"அத்தான் பிரேக்ல ஏதோ பண்ணிட்டார் சார்."

ஆந்தை தலையை வெளியே எடுத்தார். "பிரேக்ல யாரும் கை வைக்கலைம்மா. சக்கரத்துக்கு உள்ள இரும்பு நீலம் பாரிச்சிருக்கு. மிதிச்சு மிதிச்சு ஏறின சூடு அது."

"அப்ப அவர் மேல தப்பே இல்லையா?" அவள் ஓரடி முன்னால் வந்தாள். "அம்மா தினமும் கேக்கறாங்க சார். 'அவன் கொன்னானா, இல்ல என் பொண்ணுக்கு ஓட்டத் தெரியலையா? ரெண்டுல ஒண்ணைச் சொல்லு'ன்னு. சாப்பிட உக்காந்தா கேக்கறாங்க, எழுந்தா கேக்கறாங்க. ஏதாவது ஒண்ணு நான் சொல்லியாகணும்."

"போலீஸ்ல உங்க அத்தான் என்ன சொன்னார்?"

"அக்காவுக்கு டி-யில போட்டு ஓட்டறதைத் தவிர ஒண்ணும் தெரியாது, மேனுவல்னு ஒண்ணு இருக்கறதே தெரியாதுன்னார்."

"இங்க வந்து பாருங்க."

கியர் லீவர் டி-யில் இல்லை. அதை ஒட்டிய எம் பள்ளத்தில் ஒதுங்கிக் கிடந்தது.

தகரம் விசிலடித்தாள். "அக்காவுக்குத் தெரியாத ஊருக்கு லீவர் தானா நடந்து போயிருக்கே!" தங்கையின் முகத்தைப் பார்த்ததும் குரலைத் தணித்தாள். "அதாவதும்மா, டி-யில போட்டா ஆட்டோமேட்டிக் வண்டி கியரைத் தானே மாத்திக்கும். இறக்கத்துல மட்டும் அதுக்குக் கொஞ்சம் புத்தி மட்டு. எம்-ல போட்டா கியர் நம்ம கைக்கு வந்துடும். கியரைக் குறைச்சா இஞ்சினே வண்டியைக் கட்டிப் பிடிக்கும், பிரேக்குக்கு ரெஸ்ட்."

"தெரியும்க்கா. அக்காவுக்கும் தெரியும். நான்தானே சொல்லிக் குடுத்தேன்." அதைச் சொல்லும்போது முகத்தில் லேசான பெருமிதம் வந்தது. "என் வண்டியில. புது வண்டி வாங்கறதுக்கு முன்னாடி. அத்தான்கூட பின் சீட்ல இருந்தார்."

ஆந்தை தங்கையைப் பார்த்தார். பின் சீட்டில் உட்கார்ந்து கேட்டவன் போலீசிடம் ஏன் பொய் சொல்ல வேண்டும்? இந்த வழக்கில் கையில் சிக்கிய முதல் நூல் அது.

"எப்படிச் சொல்லிக் குடுத்தீங்களோ, அப்படியே செஞ்சு காட்டுங்க."

அவள் உடைந்த சீட்டின் விளிம்பில் உட்கார்ந்து லீவரில் கை வைத்தாள். அக்காவின் கை கடைசியாக இருந்த இடம். விரல்கள் ஒரு கணம் பின்வாங்கி, மறுபடி பிடித்தன.

"'எம்-ல போட்டு உன் பக்கம் இழு'ன்னேன். ரோட்டுல ஓடப்போற குழந்தையைச் சட்டையைப் பிடிச்சு இழுக்கற மாதிரி. 'வேகம் குறையலைன்னா இன்னொரு தரம் இழு. கண்ணை மட்டும் ரோட்டை விட்டு எடுக்காதே, டேஷ்போர்டுல கியர் நம்பர் மாறுறதைப் பாத்துட்டிருக்காதே.' அக்காவுக்கு இறக்கம்னாலே பயம் சார். அதான் சின்னச் சின்னதா சொல்லிக் குடுத்தேன்."

"கச்சிதம்," என்றாள் தகரம். "டாக்சியில நானும் இப்படித்தான் இழுப்பேன். பாடம் சரியாத்தான் இருக்கு பாஸ்."

ஆந்தையின் விரல் லீவரைச் சுற்றி ஓடி நின்றது. அந்த இடம் முழுக்க மரக்கலரில் ஒரு ஸ்டிக்கர்.

"இது?"

"அத்தான் ஒட்டினது. அக்காவுக்கு மரக்கலர் பிடிக்கும்னு. அவர் கார் ஷோரூம்ல வேலை பாக்கறார் இல்லையா, வாங்கறவங்களுக்கு வண்டியை விளக்கிச் சொல்றதுதான் அவர் வேலை. வண்டியை எடுத்த அன்னிக்கு நானும் கூட இருந்தேன், அக்கா கேட்டா, 'ஊருக்கெல்லாம் விளக்கறீங்க, எனக்குக் கிடையாதா'ன்னு. 'உனக்குத்தான் தங்கச்சி சொல்லிக் குடுத்துட்டாளே. அதேதான், எல்லாம் ஒண்ணுதான்'னார். அவர் என்னைப் பத்தி நல்லதா பேசினது அந்த ஒரு தரம்தான்."

"அக்கா மலைக்கு ஏன் போனாங்க?"

"அவர்தான் கூட்டிட்டுப் போனார். மேல யாருக்கோ வண்டி காட்டணும், நான் அப்புறம் வர்றேன், நீ ஓட்டிட்டு இறங்குன்னு அனுப்பிட்டார்."

ஆந்தை ஸ்டிக்கரின் ஒரு மூலையை நகத்தால் கிளப்பினார். அடியில் பார்த்தார். பிறகு அதைத் திரும்பவும் அழுத்தி ஒட்டினார், காயத்தில் துணி கட்டுகிறவரைப் போல.

"என்ன சார்?"

"நீங்க கடைக்குப் போங்கம்மா. சாயங்காலம் வர்றேன்."

ஷோரூமுக்குப் போகும் வழி முழுக்கத் தகரம் என்னென்னவோ கேட்டுப் பார்த்தாள். அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். ஒரு கட்டத்தில் அவளே கேட்டு அவளே பதிலும் சொல்லிக்கொண்டாள்.

ஷோரூமில் குளிர்காற்றும் புது ரப்பர் வாசனையும் இருந்தன. அக்காவின் கார் எந்த ரகமோ அதே ரகத்தைக் கேட்டார் ஆந்தை. வரவேற்பில் இருந்த பெண் உள்ளே குரல் கொடுத்துவிட்டு, "மாஸ்டரே வந்து ஓட்டிக் காட்டுவார். பாவம், வீட்டுல துக்கம். ஆனாலும் ஒரு வாரத்துலேயே வேலைக்கு வந்துட்டார்," என்று கிசுகிசுத்தாள்.

மாஸ்டர் வந்தான். அக்காவின் கணவன். மடிப்புக் கலையாத சட்டை, மென்மையான குரல். துக்கம் அவன் முகத்தில் தேவையான அளவு இருந்தது.

"இவர் எங்கப்பா," என்றாள் தகரம். "காது கொஞ்சம் மந்தம், வாய் அதைவிட மந்தம். வண்டி எனக்குத்தான்."

"இறக்கத்துல ஓட்டிப் பாக்கணும்," என்றார் ஆந்தை.

ஷோரூமுக்குப் பின்னால் ஒரு நீண்ட சரிவு. அதன் அடியில் சிக்னல். தகரம் ஸ்டியரிங்கில், மாஸ்டர் பக்கத்தில், ஆந்தை பின் சீட்டில். சரிவின் உச்சியில் மாஸ்டர் தொண்டையைச் செருமினான்.

"மேடம், எம்-ல போடறதுக்கு முன்னாடி ஒரு விஷயம்..."

"மாஸ்டர், நான் டாக்சி ஓட்டினவ. மீனுக்கு நீச்சல் சொல்லித் தர்றீங்களே!"

எம்-ல் போட்டாள். தன் பக்கம் இழுத்தாள்.

கார் பிடிபடவில்லை. கயிறு அறுந்ததுபோல் இன்னும் லேசாகி ஓடியது. மறுபடி இழுத்தாள். இன்னும் லேசாயிற்று. கீழே சிக்னலில் நின்ற பேருந்தின் பின்புறம் பெரிதாகிக்கொண்டே வந்தது. கை தானாகவே மூன்றாம் முறையும் இழுக்கப் போனது.

"தள்ளுங்க! முன்னாடி தள்ளுங்க, இழுக்காதீங்க!"

மாஸ்டரின் கை அவள் கைமேல் பாய்ந்து லீவரை முன்னால் தள்ளியது. மறுபடி தள்ளியது. இஞ்சின் உறுமி வண்டியைப் பிடித்து இழுத்தது. பேருந்துக்குக் கொஞ்சம் முன்னால், ஓரமாக, கார் நின்றது.

தகரம் கீழே பார்த்தாள். இங்கே ஸ்டிக்கர் இல்லை. லீவருக்கு முன்னால் கழித்தல் குறி, பின்னால் கூட்டல் குறி. பளிச்சென்று இருந்தன இரண்டும்.

மாஸ்டர் மூச்சு வாங்கினான். "இதைத்தான் மேடம் சொல்ல வந்தேன். எங்க வண்டியில இழுத்தா கியர் ஏறும், தள்ளினாத்தான் குறையும். சில கம்பெனி வண்டியில இதுக்குத் தலைகீழ். அதுல பழகினவங்க எல்லாருமே இங்க தப்பு பண்ணுவாங்க. அதனால யார் வந்தாலும் நான் முதல்ல சொல்றது இதைத்தான்."

"யார் வந்தாலுமா?" என்றார் பின் சீட்டில் இருந்தவர்.

"யார் வந்தாலும் சார்."

"உங்க மனைவி வந்தப்ப?"

மாஸ்டர் திரும்பவில்லை. முன் கண்ணாடியில் ஒரு பூச்சி ஊர்ந்து மேலேறி, சறுக்கி, மறுபடி ஏறுவதை ஆந்தை பார்த்துக்கொண்டிருந்தார்.

தகரத்துக்குச் சொல்லாமலே விளங்கியது. கொட்டகையில் அந்தப் பெண் இழுத்துக் காட்டிய கை. கச்சிதம் என்று தான் கொடுத்த சான்றிதழ். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"போலீசா?" என்றான் மாஸ்டர் கடைசியில்.

"இல்ல. உங்க மச்சினி எங்கிட்ட வந்தாங்க."

அந்த வார்த்தை அவனுக்குத் தெம்பு கொடுத்ததுபோல் இருந்தது. நிமிர்ந்து உட்கார்ந்து சட்டைக் கையைச் சரிசெய்தான்.

"நான் என்ன சார் செஞ்சேன்? பிரேக்கைத் தொட்டேனா? ஒரு ஸ்டிக்கர் ஒட்டினேன். பொண்டாட்டிக்குப் பிடிச்ச கலர். அதுக்குச் சட்டத்துல என்ன தண்டனை?"

"அவங்களுக்கு மேனுவல் தெரியாதுன்னு போலீஸ்ல பொய் சொன்னீங்க."

"அது என் மச்சினிக்காகச் சொன்ன பொய்." அவன் சிரிக்கவில்லை, ஆனால் குரலில் சிரிப்பு இருந்தது. "'இழு'ன்னு சொன்னது யாரு சார்? நானா? 'நம்பரைப் பாக்காதே'ன்னது யாரு? அது சின்னப் பொண்ணு, தாங்காதுன்னு மூடி வெச்சேன். நீங்க வேணும்னா கேஸ் போடுங்க. கூண்டுல ஏறி, அக்காவுக்கு நான்தான் கத்துக்குடுத்தேன்னு அவளே சொல்லட்டும். சொல்லிட்டு அவளால ஒரு வாய் சோறு இறக்க முடியுமான்னு பாப்போம்."

"ஏன்யா?" என்றாள் தகரம். மரியாதை அவள் வாயிலிருந்து கழன்று விழுந்துவிட்டிருந்தது. "அந்தம்மா உனக்கு என்ன பாவம் பண்ணுச்சு?"

அவன் உண்மையாகவே யோசித்தான். தகரத்துக்கு அதுதான் பொறுக்கவில்லை.

"பேசிக்கிட்டே இருப்பா. காலையில கண்ணு முழிச்சா ஆரம்பிப்பா. பதில் சொல்லலைன்னா ஏன் பேசலைன்னு அதையும் பேசுவா." கதவைத் திறந்துகொண்டு இறங்கினான். குனிந்து ஆந்தையைப் பார்த்தான். "இப்ப வீடு எவ்வளவு அமைதியா இருக்கு தெரியுமா சார்? உங்களுக்கு அதோட அருமை தெரியும். பாத்தாலே தெரியுது."

வண்டியைச் சாவியோடு அவர்களிடமே விட்டுவிட்டு, சரிவில் நிதானமாக ஏறி நடந்தான்.

வாழ்நாள் முழுக்க அமைதியைத் தேடிப் போனவர் ஆந்தை. உணவு விடுதியில் மூலை மேஜை கேட்பவர். அவருடைய அமைதியை ஒரு கொலைகாரன் அடையாளம் கண்டு பாராட்டிவிட்டுப் போகிறான். அவருக்கு வாயைக் கொப்பளிக்க வேண்டும்போல் இருந்தது.

ஷோரூம் காரைத் திருப்பிக் கொடுத்துவிட்டுத் தங்கள் வண்டிக்கு வந்ததும் தகரம் பொரிந்தாள். "ஸ்டிக்கருக்கு அடியில பாத்தப்பவே உங்களுக்குத் தெரியும். தெரிஞ்சும் என்னை இழுக்க விட்டீங்க! நான் செத்திருந்தா?"

"அவன் கை வரும்னு நினைச்சேன்."

"நினைச்சீங்களாம்! வரலைன்னா?"

"வந்துதே. முகம் தெரியாத உனக்கு ஒரு நொடியில வந்துது."

தகரம் அடங்கினாள். ஆனால் வண்டியைக் கிளப்பவில்லை.

"பாஸ், அந்தப் பொண்ணுகிட்ட சொல்லாதீங்க. பிரேக் பழுதுன்னு சொல்லிடலாம். இல்ல, ஒண்ணுமே கிடைக்கலைன்னு சொல்லிடலாம். நம்ம பேரு கெட்டா கெட்டுட்டுப் போகட்டும். அக்காவைக் கொல்ல ஒரு கருவி வேணும்னு அவன் தேடியிருக்கான், இந்தப் பொண்ணு கிடைச்சிருக்கா. இதைப் போய் எந்த வாயால சொல்றது?"

ஆந்தை எதிரே இருந்த சுவரைப் பார்த்துக்கொண்டே இருந்தார். சுவரில் ஒன்றும் இல்லை.

"அவன் செஞ்ச கொலை என்ன?" என்றார். "சொல்ல வேண்டியதைச் சொல்லாம விட்டான். இப்ப நீ என்னை என்ன செய்யச் சொல்ற?"

அவள் சாவியைத் திருப்பினாள்.

கண்ணாடிக் கடையின் பின்னறையில் தங்கை லென்ஸ் தேய்த்துக்கொண்டிருந்தாள். சக்கரம் சுழல, விளிம்பிலிருந்து பால் போன்ற நீர் வழிந்தது. ஆந்தையைக் கண்டதும் நிறுத்தினாள்.

அவர் சுற்றி வளைக்கவில்லை. வளைப்பது இன்னும் கொடூரம் என்று தோன்றியது. "அக்காவோட வண்டியில இழுத்தா கியர் ஏறும்மா. உங்க வண்டிக்குத் தலைகீழ்."

தங்கைக்குப் புரியப் பிடித்த நேரத்தில் தகரம் மூன்று முறை வாயைத் திறந்து மூன்று முறையும் மூடினாள்.

"அப்ப..." என்றாள் தங்கை. "அவ இழுத்திருப்பா."

"ஆமா."

"குறையலைன்னு இன்னொரு தரம் இழுத்திருப்பா. நான் அப்படித்தானே சொன்னேன்." கையிலிருந்த லென்ஸை ஈரத்தோடு மேஜையில் வைத்தாள். "நம்பரைப் பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும். நான்தான் பாக்காதேன்னேன்."

"உங்க அத்தானுக்குத் தெரியும்மா. தினமும் ஊருக்கெல்லாம் சொல்றது அதைத்தான். அந்தக் குறி தெரியக் கூடாதுன்னுதான் ஸ்டிக்கர். தெரிஞ்சேதான் 'அதேதான், எல்லாம் ஒண்ணுதான்'னு சொல்லியிருக்கார். சொல்லிட்டு மலைக்குக் கூட்டிட்டுப் போயிருக்கார்."

அவள் அழவில்லை. அழுதிருந்தால் தகரம் பக்கத்தில் போயிருப்பாள்.

"நான் சொன்னா அவர் மாட்டுவாரா?"

"அவர் 'அதேதான்'னு சொன்னதைக் கேட்ட ஆள் உயிரோட நீங்க ஒருத்தர்தான். அது உங்க வாயிலேர்ந்து வந்தா, ஸ்டிக்கருக்கும் பொய்க்கும் அர்த்தம் வரும். நிச்சயம் மாட்டுவார்னு நான் சொல்ல மாட்டேன். நீங்க சொல்லலைன்னா நிச்சயம் மாட்ட மாட்டார்."

"அப்ப நான் சொல்லிக் குடுத்ததும் வெளிய வரும்."

"முதல்ல வர்றதே அதுதான்."

அவள் ஏப்ரனை அவிழ்த்து ஆணியில் மாட்டினாள். "வீட்டு வழியா போங்க. ஸ்டேஷன்ல சொல்றதுக்கு முன்னாடி அம்மாகிட்ட சொல்லணும். வேற யார் வாயாலயும் அவங்க இதைக் கேக்கக் கூடாது."

வீடு ஒரு குறுகிய தெருவில், மாடிப்படிக்குக் கீழே இருந்தது. அவள் உள்ளே போனாள். இருவரும் காரில் காத்திருந்தார்கள். எதிர் வீட்டில் யாரோ கொடியில் உலர்ந்த துணிகளை எடுத்து மடித்தார்கள். மடித்து முடித்து உள்ளே போனார்கள். தெருவிளக்கு எரியத் தொடங்கியது. உள்ளே கூச்சலோ அழுகையோ எழும் என்று தகரம் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எதுவும் எழவில்லை.

கதவு திறந்தது. தங்கை வெளியே வந்தாள். அவளுக்குப் பின்னால் தாழ்ப்பாள் விழும் சத்தம் மெதுவாக, கவனமாகக் கேட்டது.

பின் சீட்டில் வந்து உட்கார்ந்தாள். தகரம் வண்டியைக் கிளப்பினாள்.

"அம்மா திட்டலை," என்றாள் தங்கை, கேட்காத கேள்விக்கு. "ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாங்க. 'அவளுக்குப் பதிலா அந்த வண்டியில நீ போயிருக்கக் கூடாதா'ன்னு."

ஆந்தை திரும்பி அவளைப் பார்த்தார். ஏதாவது சொல்ல வேண்டும் என்று அவர் விரும்பியது அநேகமாக வாழ்க்கையில் அதுதான் முதல் முறை.

தகரம் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "கொஞ்சம் தண்ணி குடிக்கறியாம்மா? முனையில கடை இருக்கு. ஒரு நிமிஷம் நிறுத்தறேன்."

"வேண்டாம்க்கா," என்றாள் தங்கை. "நேரா ஸ்டேஷனுக்குப் போங்க. எங்கயும் நிறுத்தாதீங்க. நிறுத்தினா நான் இறங்கி ஓடிடுவேன்."